நூற்றுப் பதினான்கு நாள் தோட்டம்

நூற்றுப் பதினான்கு நாள். மே இருபத்து நான்கில் தொடங்கினால் செப்டம்பர் பதினான்கோடு சரி. கனடாவில், கால்கரி என்ற ஊரில், ஸ்வீட்லினின் வீட்டுக் கொல்லைக்கு அளந்து கொடுத்தது அவ்வளவுதான். முந்தி நட்டால் கடைசிப் பனி கருக்கிவிடும். பிந்தி விட்டுவைத்தால் முதல் பனி கருக்கிவிடும்.

அந்தக் கொல்லையை ஜெயகுமாரி போனில் பார்த்ததோடு சரி. ஆனாலும் வேப்பம்பட்டு வீட்டின் சமையலறையில், திருச்சபையில் கொடுத்த காலண்டரில், வருஷா வருஷம் அந்த இரண்டு தேதிகளுக்கும் பேனாவால் வட்டம் போடுவாள். நடுவில் உள்ள நாட்களுக்குப் பென்சிலில் எண் எழுதுவாள். மகள் ஸ்வீட்லின் சொல்லித் தந்த கணக்கு. மகள் பேசாத நாளிலும் எண் எழுதினால் பேசியது மாதிரி இருக்கும்.

ஜெயகுமாரியின் தோட்டத்துக்கு வருஷத்தில் முந்நூற்று அறுபத்தைந்து நாளும் உண்டு. வீட்டுக்குப் பின்னால் ஒன்றரை சென்ட். முழு வருஷம் கிடைத்தது என்பதற்காக அது சும்மா காய்த்துவிடுவதில்லை. சித்திரையில் களிமண் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும். கார்த்திகையில் மழை பிடித்தால் அதே மண் செருப்பைப் பிடித்துக்கொண்டு விடாது. தண்ணீர் ஏறும் வருஷத்தில் தொட்டிகளை ஒவ்வொன்றாக மொட்டைமாடிக்குத் தூக்க வேண்டும். கோடைக்குப் பச்சை வலை கட்டுவதற்கென்று அவள் கணவன் பால்ராஜ் இரும்புக் குழாயில் ஒரு சட்டம் செய்து வைத்திருந்தார். ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷம் ஃபிட்டராக இருந்தவர். அந்தச் சட்டத்தின் நான்கு மூலையும் மட்டம் வைத்துப் பார்த்து ஊன்றியவை. கொடி படர்வதற்கு மட்டம் எதற்கு என்று கேட்டால் கோபித்துக்கொள்வார்.

அம்மா வலை கட்டுவது வெயிலுக்கு. மகள் பழைய படுக்கை விரிப்பைச் செடிகள் மேல் போடுவது பனிக்கு.

"நாம ரெண்டு பேரும் போத்திப் போத்தியே வளக்கோம்மா" என்று ஸ்வீட்லின் ஒருமுறை சொல்லிச் சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குப் பேச்சு. இங்கே ஏழு என்றால் அங்கே முந்தின நாள் சாயங்காலம் ஏழரை. சபைக் கோயிலுக்குப் போவதற்கு முன்னால், தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டே ஜெயகுமாரி மகளின் தோட்டத்தைப் பார்ப்பாள். மார்ச் மாதமே ஜன்னலோரத்தில் தயிர் டப்பாவில் தக்காளி முளைத்து நிற்கும். மே மாதம் அவற்றைக் காலநிலைக்குப் பழக்க வேண்டும். முதல் நாள் ஒரு மணி நேரம் வெளியே, மறுநாள் இரண்டு மணி நேரம் என்று பத்து நாள். "அப்படியே கொண்டு வச்சா செத்துரும்மா. கொஞ்சங்கொஞ்சமா வெளிய நிறுத்திப் பழக்கணும்" என்பாள். பின்னால் மருமகன் ரெனிஷ் புல் வெட்டும் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு போவான். பால்ராஜ் எட்டிப் பார்த்து, "மருமவனே, சொகமா?" என்பார். அவன் கையை உயர்த்துவான். அன்றைக்குச் சபையில் நாலு பேரிடமாவது பால்ராஜ் அதைச் சொல்லிவிடுவார்.

இந்த வருஷம் ஸ்வீட்லின் தோட்டத்தைக் காட்டவில்லை. நெட் சரியில்லை என்றாள். ஆஸ்பத்திரி லேபில் ஷிப்ட் மாற்றிவிட்டார்கள் என்றாள். முகம் காட்டாமல் பேசினாள். ரெனிஷ் எப்போது கேட்டாலும் தூங்கிக்கொண்டிருந்தான். தோட்டம் போட்டோவாக வந்தது. ஜூனில் கீரை, ஜூலையில் பட்டாணி, ஆகஸ்டில் தக்காளி.

போன ஞாயிறு வந்த தக்காளிப் படத்தை ஜெயகுமாரி பெரிதாக்கிப் பார்த்தாள். தக்காளி நன்றாக இருந்தது. அதற்குப் பின்னால் வேலியோரம் நின்ற சின்ன ஆப்பிள் மரத்துக்கு இரண்டு கவட்டைக் கிளைகள் இருந்தன.

போன வருஷம் ஆகஸ்டில் அங்கே ஆலங்கட்டி மழை பெய்தது. எலுமிச்சங்காய் அளவு கட்டிகள். மரத்தின் இடது கவட்டை பிளந்து தொங்கியதை ஸ்வீட்லின் வீடியோவில் காட்டினாள். ரெனிஷ் அதை ரம்பத்தால் அறுத்துப் போட்டதையும் ஜெயகுமாரி பார்த்திருந்தாள். அறுத்த கிளை ஒரு வருஷத்தில் அந்தப் பருமனுக்கு முளைக்காது. பனியிலும் முளைக்காது, வெயிலிலும் முளைக்காது.

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். பால்ராஜிடம் சொல்லவில்லை. சொன்னால் ஒரு கேள்வி வரும். அதற்குப் பின்னால் இன்னொன்று வரும். அந்த இரண்டாவது கேள்விக்கு அவளிடம் பதில் இருந்தது.

சனிக்கிழமை கத்தரி நட்டாள். ஆடிப் பட்டத்தில் தூவிய விதை, நாற்பது நாற்று. பக்கத்து வீட்டு நாகவல்லியின் புருஷன் வேம்புலி தன் குட்டியானை வண்டியில் எங்கிருந்தோ மூன்று மூட்டை மக்கிய எரு கொண்டுவந்து போட்டிருந்தான். மாலை நான்கு மணி தாண்டியும் வெயில் இறங்கவில்லை. நாகவல்லி மதில் கதவைத் தள்ளிக்கொண்டு கறிவேப்பிலைக்கு வந்தாள். வந்தவள் குந்திக்கொண்டாள்.

"இன்னாக்கா, பொண்ணு ஊர்ல தக்காளி பறிச்சிட்டாங்களா?"

"பறிக்கா."

"நாலு மாசம்தான் செடி நிக்கும்னு சொல்றியே, மிச்ச எட்டு மாசம் இன்னாத்தத் துன்னுவாங்கோ?"

"கடையில வாங்குவாங்க."

"அந்த நாலு மாசமும் கடையிலயே வாங்கிக்கினா பேஜார் இல்ல பாரு." நாகவல்லி தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தாள். "எங்க ஆளு கணக்காதான் கீது. வண்டி இருவது நாள் ஓடும், பத்து நாள் மெக்கானிக் ஊட்ல பட்த்துக்கும். கேட்டா, சீசன்றான்."

ஜெயகுமாரி சிரிக்கவில்லை. குழி தோண்டி, ஒரு கை எரு போட்டு, நாற்றை வைத்து, இரண்டு பெருவிரலாலும் மண்ணை அமுக்கினாள். ஒவ்வொன்றுக்கும் மேற்குப் பக்கமாக ஒரு வேப்பங்குழையைக் குத்தினாள். மறுநாள் பிற்பகல் வெயிலுக்கு அதுதான் குடை.

"அல்லாம் தொங்கிகினு கீதேக்கா."

'மூணு நாள் வாடத்தான் செய்யும். நாலாம் நாளு நிமிரும்' என்று சொல்வதற்காக வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள்.

இதே பாத்தியில் அதைச் சொல்லியிருக்கிறாள். மூன்று வருஷத்துக்கு முன்னால், தை மாதம். நான்கு வார லீவில் ஸ்வீட்லின் வந்திருந்தாள். ரெனிஷ் வரவில்லை. கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து, இரண்டு காலையும் வெயிலில் நீட்டிக்கொண்டு, மிளகாய் நாற்றுகளை ஒவ்வொன்றாக அம்மாவிடம் எடுத்துக் கொடுத்தாள். இடது காலில் கடைசி இரண்டு விரலும் கறுத்திருந்தன. சின்ன விரலில் நகம் இல்லை. நாற்றுக் கட்டு தீர்வதற்குள் அவள் சொல்ல வந்தது அத்தனையும் சொல்லிவிட்டாள். ஜெயகுமாரி கடைசி நாற்றை நட்டு, கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டுத்தான் அந்த வார்த்தையைச் சொன்னாள். "பிடுங்கி நட்டது மூணு நாள் வாடத்தான் செய்யும் மக்கா. நாலாம் நாளு நிமிரும்." தானும் நாகர்கோவிலிலிருந்து இருபத்து இரண்டு வயதில் ஆவடி குவார்ட்டர்ஸுக்கு வந்து வாடியவள்தான், நிமிர்ந்தவள்தான் என்றாள். ரெனிஷின் வரன் ஜெயகுமாரியின் அக்காள் வழியாக வந்தது. அதை மட்டும் சொல்லவில்லை.

அந்த நேரம் பால்ராஜ் மூன்று டம்ளர் டீயோடு வந்தார். "காலுல என்ன மக்கா?" என்றார்.

"புது ஷூ கடிச்சிருக்கு" என்றாள் ஜெயகுமாரி. ஸ்வீட்லின் டீயை வாங்கிக்கொண்டாள்.

இப்போது நாகவல்லி குனிந்து ஒரு கத்தரி நாற்றின் தண்டை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தாள். அது சும்மா ஆடியது. "இது நிமிராதுக்கா. வேரு அறுந்துகீது பாரு. புடுங்கச்சொல்லவே பாத்துருக்கணும்" என்று அதை உருவி மதிலோரம் போட்டாள். கறிவேப்பிலையை ஒடித்துக்கொண்டு எழுந்து போனாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஸ்வீட்லின் எடுக்கவில்லை. 'டூட்டி, அப்புறம் பேசுறேன்' என்று செய்தி மட்டும் வந்தது. ஜெயகுமாரி காலண்டரில் ஆகஸ்ட் முப்பத்தொன்றின் மேல் பென்சிலால் 100 என்று எழுதினாள். கோயிலுக்குப் போய் வந்தார்கள். பால்ராஜ் சட்டையைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. ரெனிஷின் அப்பா, நாகர்கோவிலிலிருந்து. காது கொஞ்சம் மந்தமான பால்ராஜ் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"ஓய் பால்ராஜு, ஆராதனையெல்லாம் முடிஞ்சா?"

"இப்பத்தான் வந்தோம். என்ன விசேஷம் சம்பந்தி?"

"விசேஷத்த உம்ம மவகிட்ட கேளும். வீட்ட விட்டு எறங்கி மாசம் மூணு தாண்டியாச்சு. உமக்குத் தெரியாதுங்கீரா?"

"யாரு எறங்கினா?"

"உம்ம மவதான் ஓய். மே மாசம் இருவத்திநாலாம் தேதி. எம்பயலு டூட்டி முடிஞ்சு வந்து பாத்தா ஆளு இல்ல. போலீஸ்ல வேற எழுதிக் குடுத்திருக்கா. அடிச்சானாம், கொன்னானாம். பய மானத்துக்குப் பயந்து எங்ககிட்டயே போன வாரந்தான் சொன்னான். நல்லா வளத்திருக்கீரு ஓய். தக்காளி வளத்தது போதும்னு சொல்லும்."

போன் நின்றுவிட்டது. பால்ராஜ் சட்டையின் ஒரு கை கழன்றபடி நின்றார். ஜெயகுமாரியின் கண் காலண்டருக்குப் போனது. மே இருபத்து நான்கு. பேனா வட்டம். அதற்குள் 1 என்று அவளே எழுதியிருந்தாள். மகள் செடி நடும் நாள் என்று தொடங்கியவள், மகள் வீட்டை விட்டு இறங்கிய நாளிலிருந்து நூறு நாள் எண்ணியிருக்கிறாள்.

பால்ராஜ் ஸ்வீட்லினைக் கூப்பிட்டார். அடித்து நின்றது. திரும்பக் கூப்பிட்டார்.

"கேட்டீளா, அங்க ராத்திரி ஒரு மணியாவும். பிள்ள ஒறங்கட்டும்."

"நூறு நாளா நம்மள ஒறங்க வச்சாளே, அவளுக்கு என்ன ஒறக்கம்?"

அவர் சாப்பிடவில்லை. தேங்காய் அரைத்து வைத்த சாளை மீன் குழம்பு அடுப்பின் மேலேயே ஆடை கட்டியது. ஜெயகுமாரி தோட்டத்தில் இறங்கி நாற்றுக்கு நீர் விட்டாள். அவர் பின்வாசலில் நின்று பேசினார். நின்றுவிட்டு, நடந்துவிட்டு, மறுபடி வந்து பேசினார்.

"அடிச்சான்னா அப்பன்ட்ட சொல்லாண்டாமா? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

அவள் குனிந்து ஒரு வேப்பங்குழையைச் சரியாகக் குத்தினாள்.

"நான் ஊரு முழுக்கச் சொல்லிட்டு அலையுதேன். எம்மருமவன் புல்லு வெட்டுதான், எம்மவ பட்டாணி பறிக்கான்னு. இன்னைக்கும் போதகர்ட்ட சொல்லிட்டு வந்திருக்கேன். அவரு, கர்த்தர் ஆசீர்வதிக்கட்டும்னு சொல்லுதாரு. எனக்குக் கோட்டி பிடிச்சிருக்கா?"

"சத்தம் போடாதீங்க. நாகவல்லி நிக்கா."

"நிக்கட்டும். மூணு வருசம் முன்னால வந்தாளே. நாலு வாரம் இஞ்சதான இருந்தா? அப்பம் ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்த டிக்கெட்ட அடுப்புல போட்டிருப்பேன். சத்தியமாட்டு போட்டிருப்பேன். அவன் யாரு, எனக்கு எம்பிள்ள பெருசில்லியா?"

போட்டிருப்பார். அது அவளுக்குத் தெரிந்தது. இத்தனை காலம் அவள் தன்னிடம் சொல்லிக்கொண்டிருந்தது வேறு: இந்த மனுஷன் தாங்கமாட்டார், சபையில் தலை நிமிரமாட்டார், அவருக்காகத்தான். அந்தக் குழாய்ச் சட்டத்தைப் பிடித்தபடி நின்றவரைப் பார்த்தாள். அவருக்காக இல்லை. ஹோஸிலிருந்து தண்ணீர் ஒரே இடத்தில் விழுந்து ஒரு நாற்றின் வேரை அரித்துக்கொண்டிருந்தது.

"வெள்ளத்த மாத்து" என்றார் அவர் ஹோஸைக் காட்டி, அந்தக் கோபத்திலும்.

மழை வருவது போல் இருட்டியது. வரவில்லை. புழுக்கம் மட்டும் கூடியது. ஏழு மணிக்குச் சாப்பாட்டு மேசையில் உப்பு ஜாடியின் மேல் போனைச் சாய்த்து வைத்து பால்ராஜ் வீடியோவில் கூப்பிட்டார். இரண்டாவது மணியில் ஸ்வீட்லின் எடுத்துவிட்டாள். மூன்று மாதம் கழித்து முகம் தெரிந்தது. கன்னம் ஒட்டியிருந்தது. பின்னால் வெள்ளைச் சுவர். சுவரின் உச்சியில், நிலத்தின் மட்டத்தில், ஒரு முழ அகலத்துக்கு ஜன்னல். அப்பா, அம்மா இரண்டு பேர் முகத்தையும் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"மாமா போன் பண்ணினாங்களா?"

"எங்க இருக்க?"

"ஒரு ரூம்ல. வீட்டுக்கு அடியில இருக்குற ரூம். லேப்ல கூட வேல பாக்குற அக்கா ஒருத்தங்க வீடு. பயப்படாதீங்க."

"அடிச்சானா?"

"ம்."

"எத்தன நாளா?"

"எண்ணல்லப்பா."

"ஒங்கம்ம இஞ்ச இருந்துட்டு ஒனக்கு நூத்திப் பதினாலு நாள எண்ணுகா. ஒனக்கு இத எண்ணத் தெரியல்ல."

ஸ்வீட்லின் எழுந்து போய் ஒரு வாளியைத் தூக்கிவந்து கேமரா முன்னால் வைத்தாள். ஒற்றைத் தக்காளிச் செடி, வெளிச்சத்தைத் தேடிக் கோணலாக நீண்டிருந்தது. இரண்டு காய், இரண்டும் பச்சை.

"நடணும்னு அன்னைக்கு வெளிய எடுத்து வச்சிருந்தேம்மா. நட முடியல்ல. கையில கெடச்ச ஒண்ண மட்டும் தூக்கிட்டு வந்தேன். போட்டோ எல்லாம் பழசு. ஒனக்குத் தெரிஞ்சிருக்கும்."

"ஆப்பிள் மரத்துல தெரிஞ்சு மக்கா" என்றாள் ஜெயகுமாரி.

பால்ராஜ் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "ஒனக்குத் தெரியுமா?"

"போன ஞாயித்துக்கெழம. போட்டோ பழசுன்னு மட்டும்."

"ஆளாளுக்கு ஒண்ணொண்ணு தெரியும். இந்த வீட்டுல நான் மட்டுந்தான் முட்டாளு." போனுக்குத் திரும்பினார். "மூணு வருசம் முன்னால வந்தியே. அப்பமும் அடிச்சானா?"

"ம்."

"ஏன் எங்கிட்ட சொல்லல்ல?"

ஸ்வீட்லினின் கண் திரையில் அப்பாவிடமிருந்து அம்மாவிடம் நகர்ந்தது. அங்கே கொஞ்சம் நின்றது. திரும்ப அப்பாவிடம் போனது.

"சொல்லல்லப்பா. தப்புதான்."

"ஒங்கம்மைட்டயாவது சொல்லியிருக்கலாம்லா?"

"யார்ட்டயும் சொல்லல்ல."

ஜெயகுமாரியின் நகக்கண்ணில் மத்தியானம் படிந்த மண் காய்ந்திருந்தது. அதை மற்ற நகத்தால் கெல்லினாள்.

"அப்பா, செப்டம்பர் பதினாலாம் தேதிக்கு டிக்கெட் பாத்து வச்சிருக்கேன். இன்னும் எடுக்கல்ல. மூணு வாரம் லீவு தாராங்க." குரல் கொஞ்சம் தாழ்ந்தது. "வரட்டாப்பா?"

பால்ராஜ் மேசையின் விளிம்பை உள்ளங்கையால் தடவினார், மட்டம் பார்ப்பது போல.

"வேண்டாம்" என்றார்.

"அப்பா…"

"எதுக்கு வரணும்? சொல்ல வேண்டிய நேரத்துல வாயத் தொறக்கல்ல. என் வீட்டுல நாலு வாரம் இருந்து, எங்கையால டீய வாங்கிக் குடிச்சிட்டு, ஒண்ணும் இல்லாத மாதிரி ஏர்போர்ட்டுல கைய ஆட்டிட்டுப் போனவதான நீ? நான் சிரிச்சிட்டு நின்னேன். அப்பன்னு ஒருத்தன நீ கணக்குலயே வைக்கல்ல. இப்பம் மட்டும் எதுக்கு? போலீஸ்ட்ட சொல்லத் தெரிஞ்சவளுக்கு அப்பன் எதுக்கு? அங்கயே இரு."

ஸ்வீட்லின் தலையை ஆட்டினாள். "சரிப்பா" என்றாள். வாளியின் பிடியைப் பற்றிக்கொண்டாள், தூக்கிக்கொண்டு போவதற்கு.

பால்ராஜின் விரல் சிவப்புப் பொத்தானுக்குப் போனது. ஜெயகுமாரி அவருடைய மணிக்கட்டைப் பிடித்தாள். முப்பத்தைந்து வருஷத்தில் அப்படிப் பிடித்ததில்லை. அவர் கையை உதறப் பார்த்தார். அவள் விடவில்லை.

"அம்மா, வேண்டாம்மா" என்றாள் ஸ்வீட்லின் போனுக்குள்ளிருந்து. "விடும்மா."

"அவ சொன்னா" என்றாள் ஜெயகுமாரி.

"என்ன சொன்னா?"

"தை மாசம். பொறத்த, மொளகா நாத்து நட்டப்பம். அந்த வெரலு ஷூ கடிச்சதில்ல. பனியில வெறுங்காலோட வெளிய தள்ளிக் கதவப் பூட்டிட்டான். அரை மணிக்கூரு. எங்கிட்ட எல்லாம் சொன்னா. போவமாட்டேன்னு எங்காலப் பிடிச்சு அழுதா. நான்தான், அப்பாட்ட மூச்சு விடாதன்னு சொல்லி, அவளத் திரும்ப ஏத்தி அனுப்பினேன்."